பக்கத்துப் பெட்டி

மரத்தைத் தலைகீழாக வரைகிறவர்களை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. வேர் உச்சியில் இருக்கும். கிளைகள் கீழே தொங்கும். இலைகள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். அதை மரம் என்று சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனுக்கு மேலே, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போகிற ஏசி அறையில், கரும்பலகையில்தான் அந்த மரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற பெண் என்று ஊர் என்னைச் சொல்லிக்கொண்டிருந்த காலம். சும்மா இருந்தேனாம். வீட்டுப் பாத்திரமெல்லாம் தானாகவா துலங்கியது?

அந்த அலுவலகத்தில் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளின் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார்கள். வெறுமனே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை இல்லை அது. இது தலைப்பு, இது பிரிவு, இது பத்தி, இது அட்டவணை, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு குறி போட வேண்டும். டேக் என்று சொல்வோம். கட்டுரைக்குள் பிரிவு, பிரிவுக்குள் பத்தி, பத்திக்குள் அடிக்குறிப்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி நிற்கும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத வேண்டும். மூன்றாவது பிரிவில் இருக்கிற அட்டவணையின் தலைப்பை எடு, இதை அதற்குச் செய் என்று. அந்த மூட இயந்திரத்துக்கு 'அதோ அங்கே' என்று கையைக் காட்டினால் புரியாது. எந்த இடத்தில் நிற்கிறோம், எத்தனை படி மேலே ஏற வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வழி சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அந்த வழிதான் பிடிபடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் பயிற்சியில் இருந்தோம். இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் மனப்பாடம் செய்தோம். ஒப்பிக்கச் சொன்னால் ஒருத்தரும் தப்ப மாட்டோம், செய்யச் சொன்னால் ஒருத்தருக்கும் வராது. ஒரு தடவை நான் எழுதிய கட்டளை ஒரு படி கூடுதலாக ஏறிப் பக்கத்துப் பிரிவில் இறங்கிவிட்டது. குழந்தைகளின் எடை அட்டவணையின் தலைப்பு, இரத்த அழுத்த அட்டவணைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. பயிற்சி கொடுத்த சார் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "பச்சப் பிள்ளைக்கு நூத்திருபது கிலோ. டாக்டர் பயந்துருவாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சார் மதுரைக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ் தூள், மூக்கு நுனியில் எப்போதும் கோபம். ஆனால் அன்றைக்குக் கோபப்படாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பலகைக்குப் போனார். கட்டுரையைப் பெட்டி பெட்டியாக வரைந்தார். உச்சியில் ஒரு பெட்டி, கட்டுரை. அதிலிருந்து கோடு இழுத்துக் கீழே நாலு பெட்டி, பிரிவுகள். அவற்றின் கீழே பத்திகள். நாம் நிற்கிற பெட்டிக்கு மட்டும் மஞ்சள் சாக்பீஸ் பூசினார். அங்கிருந்து ஒரு கட்டளை கொடுத்தால் எந்தெந்தப் பெட்டி கைக்குக் கிடைக்குமோ அவற்றுக்கு நீலம். மேலே போகிற கட்டளைக்கு ஒரு படம், கீழே போவதற்கு ஒரு படம், வலப்பக்கம், இடப்பக்கம் என்று தனித்தனியாக வரைந்துகொண்டே போனார். ஒவ்வொரு படத்திலும் மரம் ஒன்றுதான், நீலம் மட்டும் இடம் மாறும்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியும் ஏறாதது, ஒரு மஞ்சளிலும் நாலு நீலத்திலும் ஏறிவிட்டது. இவ்வளவு நாள் இதை வரைந்து காட்டாமல் எங்களை முட்டாள்களாக்கி வைத்திருந்ததற்கு சார் மேல் ஆத்திரம்கூட வந்தது. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோதும் கண்ணுக்குள் பெட்டிகளாகத்தான் தெரிந்தன.

அந்த வேலை எனக்கு ஏன் அப்படி வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் பெரியப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்ந்து சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியப்பாவுக்கு ஒரே மகன். அப்பாவுக்கு நான் ஒரே மகள். எண்பதுகளின் நடுவில் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஆண் பிள்ளை இல்லாத என் அப்பாவுக்கு மகனாக நின்று, மொட்டை போட்டு, கொள்ளி வைத்தவன் பெரியப்பா மகன்தான். மீசை அரும்பாத வயசு அவனுக்கு. சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அழாதட்டி. நான் இருக்கேம்லா" என்றான். அவனே அழுதுகொண்டுதான் சொன்னான்.

எங்கள் பக்கத்தில் பெரியப்பா மகனைப் பெரியப்பா மகன் என்று யாரும் சொல்வதில்லை. அண்ணன், அவ்வளவுதான். அத்தை மகனும் மாமன் மகனும் கட்டிக்கொள்கிற முறை, அது வேறு கணக்கு. அப்பாவின் அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, "ஒரு அண்ணன், டீச்சர்" என்று யோசிக்காமல் சொன்னேன். அவன் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவான். ஒருத்தன் என் ரிப்பனைப் பிடித்து இழுத்தான் என்று தேரடியில் வைத்து அவனை உரித்து எடுத்துவிட்டான். இப்படி ஓர் அண்ணன் இருக்கிறான் என்று நான் தலையில் கனம் ஏறித் திரிந்தது உண்மை.

பெரியப்பாவும் போன பிறகு கடை அண்ணன் கைக்கு வந்தது. வீட்டுச் செலவு பெரியம்மா கைக்கு வந்தது. என் அம்மா, சோப்பு தீர்ந்தாலும் பெரியம்மாவிடம் போய் நின்று கேட்க வேண்டும். பெரியம்மா கெட்டவள் இல்லை, கொடுத்துவிடுவாள். ஆனால் கேட்டதும் கொடுக்க மாட்டாள், செத்த நேரம் நிற்கவைத்துத்தான் கொடுப்பாள். இதற்கிடையில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மதுரையில் காட்டி ஆபரேஷன் செய்ய வேண்டும். கடையில் ஆள் இல்லை, தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. அம்மா அரிசியில் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துப் பொறுக்குவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு சம்பளம் வந்தால் முதல் வேலையாக அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த ஏசி அறையில் எனக்கு வேண்டியிருந்தது அம்மாவின் கண்தான்.

பலகைக்குத் திரும்புவோம். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் எல்லோருக்கும் வந்துவிட்டது. பக்கவாட்டில் போவதில் வந்து விழுந்தோம். பத்திகளையும் அடிக்குறிப்புகளையும் வைத்துச் சொன்னால் எங்கள் மண்டையில் ஏறாது என்று நினைத்தாரோ என்னவோ, சார் அன்றைக்கு ஒரு குடும்பத்தை வரைந்தார். உச்சியில் தாத்தா. அவருக்குக் கீழே இரண்டு பெட்டி, மூத்த மகன், இளைய மகன். மூத்தவர் பெட்டிக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், இளையவர் பெட்டிக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். இளையவரின் கடைசிப் பிள்ளைக்கு மஞ்சள் பூசினார்.

"இவன்தான் நீங்க. இங்கே நின்னுக்கிட்டு, கூடப்பிறந்தவங்களை எல்லாம் எடுன்னு கட்டளை குடுத்தா யாரு யாரு வருவாங்க? நோட்டுல வரைஞ்சு நீலம் அடிங்க" என்றார்.

இது என்ன பிரமாதம் என்று நாங்கள் விறுவிறுவென்று வரைந்தோம். சார் ஒவ்வொருவர் நோட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது நோட்டிலேயே முகம் மாறியது. கடைசி நோட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் விடாமல் மூன்று பெட்டிக்கு நீலம் அடித்திருந்தோம். செட்டியார்பட்டியிலிருந்து வந்த பையன், சுந்தரபாண்டியத்துப் பெண், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முழுக்க அதைப் பற்றியே பேசுகிற பெண், இராஜபாளையத்திலேயே தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், நான், எல்லோருக்கும் ஒரே தப்பு. காப்பியடித்தால்கூட இவ்வளவு ஒற்றுமை வந்திருக்காது.

"கூடப்பிறந்தவன் ஒருத்தன்தாம்மா. இந்தா, இவன் மட்டும்தான். அந்த ரெண்டு பேரும் எப்படி வந்தாங்க?"

"பெரியப்பா பிள்ளைக சார். அண்ணன் முறைதான வேணும்" என்றான் செட்டியார்பட்டிப் பையன்.

"எங்க வீட்லயும் பெரியப்பா, நாங்க பெத்தநாயனம்போம், அவர் பையன்னா அண்ணன்தான் சார்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

சார் எழுந்து சாக்பீஸால் பலகையைத் தட்டினார். "முறையெல்லாம் உங்க வீட்டுல வச்சுக்கங்க. கம்ப்யூட்டருக்கு முறை தெரியாது. ஒரே பெட்டியில இருந்து கோடு இறங்கியிருக்கணும். அவன்தான் பக்கத்துப் பெட்டி. பெரியப்பா பிள்ளைகிட்டப் போகணும்னா அப்பாகிட்ட ஏறி, தாத்தாகிட்ட ஏறி, பெரியப்பாகிட்ட இறங்கி, அப்புறம்தான் அவன். நாலு படி. பார்க்கத்தான் பக்கத்துல இருக்கான். வழி அம்புட்டுத் தூரம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கையைத் தூக்கி, "சார், பெரியப்பா பையன் நம்ம அப்பாவுக்குக் கொள்ளி வச்சிருந்தா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அறை முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "கொள்ளி வச்சாலும் பெட்டி மாறாதும்மா" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, ஒரு பெட்டிக்கு மேலேயிருந்து ஒரே ஒரு கோடுதான் வரும், இரண்டு கோடு வந்தால் அது மரமே இல்லை என்று அந்த விதியையும் பலகையில் எழுதிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து படம் போட்டுத்தான் படித்தேன். கடைக்கு டியூப் வருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்தால் உள்பக்கம் நல்ல அகலமாக, வெறுமையாக இருக்கும். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு படம் வரைந்து அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தேன். கட்டுரைப் பெட்டிகளில் பயிற்சி எடுத்து அலுத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டையே வரைந்தேன். தாத்தா. கீழே பெரியப்பா, அப்பா. பெரியப்பாவுக்குக் கீழே அண்ணன். அப்பாவுக்குக் கீழே நான், மஞ்சள் பென்சிலில்.

அண்ணன் சாப்பிட வந்தவன் பின்னால் நின்று பார்த்தான். "என்னட்டி இது, பாண்டி ஆட்டமா?" என்றான். நான் விளக்கிச் சொன்னேன். சார் சொன்ன நாலு படியையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தான்.

"என்னைய என்னத்துக்குத் தூரமா வச்சிருக்க? சித்தப்பாவுக்கு யாரு கொள்ளி வச்சா? ஒஞ் சாரு வந்தா வச்சாரு?" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, என் அப்பாவின் பெட்டியிலிருந்து அவனுடைய பெட்டிக்கு ஒரு கோடு இழுத்தான். கோணலாக, அழுத்தமாக. "இப்பப் பாரு. பக்கத்துல வந்துட்டேம்லா."

அவன் பெட்டிக்கு மேலே இரண்டு கோடு. விதிப்படி அது மரமே இல்லை. ஆனாலும் நான் அதை அழிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, அண்ணன் இழுத்த கோடு என்று சொல்லிக் காட்டினேன். அம்மாவுக்குப் பெட்டியும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம் பிள்ளை வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் சொன்ன பிள்ளை அவன்தான்.

அந்தக் கோடு காய்வதற்குள் அவன் அடுத்த பேச்சை எடுத்தான் என்று சொன்னால் மிகைதான். சில வாரங்கள் போயிருக்கும். சைக்கிளை நம்பி இனிமேல் காலம் தள்ள முடியாது, மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் போட வேண்டும், பேங்கில் லோன் கேட்டிருக்கிறேன் என்றான். கடையும் வீடும் தாத்தா பெயரில் இருந்து இரண்டு பங்காக இறங்கியிருப்பதால் பேங்கில் இடக்குப் பண்ணுகிறார்களாம். "சித்தப்பா பங்கை நீங்க ரெண்டு பேரும் எனக்கு விட்டுக் குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வேலை லேசா முடிஞ்சிரும் சித்தி. பேருக்குத்தான். நான் இருக்கும்போது ஒங்களுக்கு என்ன கொறை? கூடப்பொறந்த அண்ணன் கேக்கேன், யோசிக்கவா செய்யுதிய?" என்றான்.

"ஒனக்கில்லாததா ஐயா" என்றாள் அம்மா.

பதிவு அலுவலகத்தில் அம்மாவின் கையைப் பிடித்துத் தாளில் வைத்தது அவன்தான். அவன் விரல் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நான் போட்டேன். பத்திரம் எழுதிக் கொண்டுவந்தவர் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். "வீட்டு ஆளுகதான, எதுக்கு நேரத்தைக் கடத்திக்கிட்டு" என்று அண்ணன் சொல்லிவிட்டான். முடிந்ததும் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தான். அம்மா அதைப் பிட்டு என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தோம். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

பயிற்சியின் முடிவில் பரீட்சை வைத்தார்கள். கேள்வித்தாள் முழுக்க வெறும் மரங்கள். மஞ்சள் பெட்டியை அவர்களே அடித்திருந்தார்கள், கட்டளையைப் படித்து நீலம் அடிப்பது எங்கள் வேலை. பக்கத்துப் பெட்டிக் கேள்வி நாலைந்து இருந்தது. நான் ஒன்றில்கூடத் தப்பவில்லை. எதிர்க்கிளைப் பெட்டிகள் எத்தனை நெருக்கமாக வரையப்பட்டிருந்தாலும் அவற்றைத் தொடவே இல்லை. முதலாவதாக வந்தேன். "நீதாம்மா எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சு நடக்குற" என்றார் சார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் பக்கத்து நாற்காலிக்காரி என் தொடையில் கிள்ளினாள்.

அந்தத் தடவை எடுத்தது ஒரே ஓர் ஆள். வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டு நின்றால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்குப் பொறுப்பேற்று ஒருத்தர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போடலாம், இல்லையென்றால் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அம்மா போடட்டுமா என்று கேட்டேன். சம்பாத்தியம் இல்லாதவர்கள் கையெழுத்து செல்லாது என்றார் மேனேஜர். கடையிலும் வீட்டிலும் என் அம்மாவுக்கு ஒரு பங்கு இருந்ததே, அதுதான் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு நெய் ரோஸ்டோடு போயிற்றே, அதை அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? "அண்ணன் இருக்காங்க சார், கூட்டிட்டு வாரேன்" என்றேன். பரீட்சையில் முதலாவதாக வந்தவள் சொன்ன பதில் அது.

அண்ணன் மறுக்காமல் வந்தான். தும்பைப் பூப் போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏசி அறையில் செருப்பில்லாமல் கால் கூசிக் கூசி நடந்து வந்தான். பயிற்சி அறையைத் தாண்டித்தான் மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும். பலகையில் அடுத்த குழுவுக்காக சார் அதே தாத்தா குடும்பத்தை வரைந்துவைத்திருந்தார். அண்ணன் அதைப் பார்த்து என்னிடம் திரும்பி, அட்டையில் பார்த்த படம்தானே என்பதுபோலச் சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேனேஜர் தாளை நீட்டினார். அண்ணன் எந்தத் தாளையும் முழுசாகப் படிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் படித்தான். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, திரும்ப மேலே போய், மறுபடி இறங்கி வந்து படித்தான். பேனாவைத் திறந்தவன் மூடினான்.

"நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் கூடி வந்து வேலையை விட்டுட்டான்னா, நான் கட்டணுமோ?"

"ஆமா சார். அதுக்குத்தான் கையெழுத்து. நீங்க அண்ணன்தானே?"

அண்ணன் தாளை மேஜையில் வைத்து, சுருக்கம் எடுப்பதுபோல உள்ளங்கையால் நீவிவிட்டான். என்னைப் பார்க்கவில்லை.

"முறைக்கு அண்ணன் சார். கூடப்பொறந்தவன்னு போட்டிருக்கீயள்லா, அப்படி இல்ல. நான் அவளுக்குப் பெரியப்பா மகன். நாளைக்கு வம்புன்னு வந்தா எனக்கு இதுல பாத்தியம் இல்ல பாருங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, கூடப்பிறந்த அண்ணன்னு சொன்னே?"

நான் என்ன சொல்வது? பயிற்சி அறைக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடித் தடுப்புதான். எங்கள் குழுவில் மூன்று நீலம் அடித்தவர்களில் பாதிப் பேர் சர்டிபிகேட் வாங்க வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்று அவனிடம் கேட்டிருக்க வேண்டும். சைக்கிள் பார், ரிப்பன், பால்பாயிண்ட் கோடு எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தன. அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினான்.

வேலை இரண்டாவதாக வந்த செட்டியார்பட்டிப் பையனுக்குப் போனது. அவனுக்கு அப்பா இருந்தார்.

என் பையை எடுக்கப் பயிற்சி அறைக்குள் போனபோது சார் பலகை ஓரத்தில் நின்றிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா, அது பக்கத்துப் பெட்டி இல்லைன்னு" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது, டஸ்டரை எடுத்துக்கொண்டு ஒன்றுமில்லாத இடத்தைத் துடைத்தார். பக்கத்து நாற்காலிக்காரி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். எந்த மொழியிலும் அது வசவுதான்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். கூட்டம். அவன் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றான், நான் பெண்கள் பக்கம் நின்றேன். கண்டக்டர் வந்ததும் அவன் காசை நீட்டி, "ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு" என்றான். இன்னொருத்தர் யார் என்று கண்டக்டர் கேட்டார். அவன் கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி என்னைக் காட்டினான்.

"அந்தா நிக்கால்லா, எந் தங்கச்சி."

எத்தனை சுலபமாக வந்தது அவன் வாயில்! நான் தலைகளுக்கு நடுவே கையை நீட்டி, "எனக்குத் தனியாக் குடுங்க" என்று கண்டக்டரிடம் என் காசைக் கொடுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வன்னியம்பட்டி விலக்கில் கொஞ்சம் பேர் இறங்கி இடம் கிடைத்ததும் அவன் என் பக்கம் வந்தான்.

"என்னட்டி கோவம்? நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?"

அவன் இல்லாததைச் சொல்லவில்லை. அந்தத் தாளின் முன்னால் அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கூடப்பிறந்த அண்ணன் கேட்கிறேன் என்று எங்கள் அடுப்படியில் நின்று சொன்னதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். இதையெல்லாம் அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தினால் கதவின் பின்பக்கம்தான் எதிரே தெரியும். அந்த அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, அவன் இழுத்த கோட்டை ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். பால்பாயிண்ட் மை போகவில்லை. அட்டைதான் மேல்தோல் உரிந்து, அப்பாவின் பெட்டியும் சேர்ந்து கிழிந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். கண்ணைச் சுருக்கி, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தேடினாள். காலையிலிருந்து அவள் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு தாயி? அண்ணன் கையெழுத்துப் போட்டானா?"

"எந்த அண்ணன்?" என்று கேட்டேன்.

நான் கேட்டது அம்மாவுக்கு விளங்கவில்லை. முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அவனுக்கு விளங்கியிருக்கும். அம்மா குரல் வந்த திசையில் முகத்தை வைத்துக்கொண்டு, பதிலுக்காக அப்படியே நின்றாள்.